ஸ்காபறோ–றூஜ் பார்க் தொகுதிக்கு யார் பேசுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 முதல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தில் ஸ்காபறோ–றூஜ் பார்க் தொகுதிக்குத் தமிழரான விஜய் தணிகாசலம் உறுப்பினராக இருக்கிறார். அவர் வராத பொங்கல் விழா குறைவு. ஆனால் அந்தப் பதவியால் என்ன செய்ய முடியும், அவரிடம் எதைக் கேட்கலாம் என்பது நம்மில் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. கல்யாண மண்டபங்களிலும் பேருந்துத் தரிப்பிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்தத் தொகுதி எங்கே இருக்கிறது?

ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு மூலையில். கிழக்கே பிக்கரிங் நகர எல்லை, தெற்கே ஒன்ராறியோ ஏரி, வடக்கே ஸ்டீல்ஸ் வீதி. மால்வேர்ன் பக்கத்து அடுக்குமாடிகளும் போர்ட் யூனியனின் ஏரிக்கரை வீடுகளும் ஒரே தொகுதிக்குள் வருகின்றன. ஹைலண்ட் கிரீக், வெஸ்ட் ஹில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபறோ வளாகம், ரொறன்ரோ விலங்ககம், றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் ஒரு பகுதி ஆகியவையும் இதற்குள்தான். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக இங்கு அதிகம் பேரின் தாய்மொழி தமிழ். இருந்தாலும் தமிழர்கள் இங்கே பெரும்பான்மை இல்லை. கரீபியன் தீவுகளிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த குடும்பங்கள், தலைமுறைகளாக இருக்கும் வெள்ளையர்கள், பிற தெற்காசியர்கள் எல்லோரும் சேர்ந்ததே இதன் வாக்காளர் பட்டியல். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைக்கும்.

முன்பு இப்படி ஒரு பெயரே கேள்விப்படவில்லையே?

உண்மைதான். மாகாண அளவில் இந்தத் தொகுதி முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்தது 2018 ஜூன் 7 அன்று. மத்திய நாடாளுமன்றத்துக்கு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2015இல், இதே பெயரில் தேர்தல் நடந்துவிட்டது. ஒன்ராறியோவின் தென்பகுதியில் மாகாணத் தொகுதிகளை மத்திய அரசின் தொகுதி வரைபடத்தின்படியே அமைப்பது வழக்கம். 1996இல் முதல்வர் மைக் ஹாரிஸ் அரசு கொண்டுவந்த சட்டம் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. அதுவரை 130 ஆக இருந்த சட்டமன்ற ஆசனங்கள் 1999 தேர்தலில் 103 ஆகக் குறைந்தன. அரசியல்வாதிகளைக் குறைக்கிறோம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் பெயரே. அரசியல்வாதிகளைக் குறைத்தால் மக்களுக்கு லாபமா, மக்களுக்காகப் பேசும் வாய்கள் குறைந்ததா என்று அப்போதே சண்டை நடந்தது. பிறகு எண்ணிக்கை 107 ஆகி, 2018இலிருந்து 124 ஆக இருக்கிறது.

2018க்கு முன் இந்தப் பகுதியின் வடபாதி ஸ்காபறோ–றூஜ் ரிவர் தொகுதியிலும், தெற்கு ஏரிக்கரைப் பக்கம் பிக்கரிங்–ஸ்காபறோ கிழக்கு என்ற, இரண்டு நகரங்களில் கால் வைத்த தொகுதியிலும் இருந்தன.

என் ஒரே முகவரிக்கு எத்தனை பிரதிநிதிகள்?

நான்கு பேர். மத்திய தலைநகர் ஒட்டாவாவில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், மாகாண சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் ஒரு சட்டமன்ற உறுப்பினர், ரொறன்ரோ நகரசபையில் ஒரு கவுன்சிலர், பாடசாலைச் சபையில் ஓர் உறுப்பினர். கனடாவில் செனட் சபைக்குத் தேர்தல் இல்லை; அங்கே இருப்பவர்கள் நியமிக்கப்படுகிறவர்கள்.

எதற்கு யாரிடம் போவது?

இதைத்தான் மிக விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அலைச்சல் முழுவதும் இங்கேதான்.

ஒரு காட்சி. மாகாண உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் ஓர் அம்மா மடியில் தடித்த பழுப்பு உறையோடு காத்திருக்கிறார். ஊரில் இருக்கும் கணவரை அழைத்துக்கொள்ளப் போட்ட விண்ணப்பம் நகரவில்லை. பிரதிகள், வங்கிக் கணக்கு விவரம், கல்யாணப் படங்கள் எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கிறார். முன்மேசையில் இருக்கும் இளைஞர் தமிழிலேயே மரியாதையாகச் சொல்கிறார்: "அம்மா, குடிவரவு மத்திய அரசின் வேலை. நீங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்." அரை நாள் லீவு போய்விட்டது. இந்தத் தொகுதியில் வசிக்கும் எவருக்கும் இப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கும்.

குடிவரவு, கடவுச்சீட்டு, வேலையின்மைக் காப்புறுதி, முதியோர் ஓய்வூதியம், வருமான வரி, பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு ஆகியவை ஒட்டாவாவின் பொறுப்பு. இவற்றில் சிக்கல் என்றால் நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும்.

மருத்துவமனை, சுகாதார அட்டை, பாடசாலைக்கான நிதி, பாடத்திட்டம், பல்கலைக்கழகங்கள், ஓசாப் கல்விக்கடன், பிறப்புச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம், மாற்றுத்திறனாளி உதவித்தொகை, வேலையிடத்தில் காயப்பட்டால் கிடைக்கும் இழப்பீடு, குறைந்தபட்ச ஊதியம், வாடகைச் சட்டம் ஆகியவை மாகாணத்தின் கையில். சென்டனரி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விடிய விடியக் காத்திருந்துவிட்டு வந்து நாடாளுமன்ற உறுப்பினரைத் திட்டிப் பலனில்லை. அந்தக் கோபம் போக வேண்டிய முகவரி குயின்ஸ் பார்க்.

குப்பை, பனி அகற்றல், வீதிப் பள்ளம், பூங்கா, நூலகம், சொத்துவரி, பேருந்துச் சேவை, நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விட எடுக்கும் கட்டட அனுமதி ஆகியவை நகரசபை.

இந்தப் பிரிவினை எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ரொறன்ரோவின் பேருந்தை நகரம் ஓட்டுகிறது. றூஜ் ஹில் நிலையத்தில் நிற்கும் கோ ரயிலை மாகாணத்தின் நிறுவனம் ஓட்டுகிறது. புதிய சுரங்கப்பாதைக்கு மூன்று அரசுகளும் பணத்தைப் பற்றி விவாதிக்கின்றன. 2023 ஜூலையில் ஸ்காபறோவின் இலகு ரயில் தடம் புரண்டது. அதற்குப் பிறகு அந்தப் பாதை திறக்கப்படவே இல்லை. அதற்குப் பதிலாக வரும் சுரங்கப்பாதையை 2019இல் மாகாண அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அது ஷெப்பர்ட்–மக்கோவன் சந்தியில் முடிந்துவிடும். பல்கலைக்கழக வளாகத்துக்கும் மால்வேர்னுக்கும் வருவதாகச் சொல்லப்படும் கிழக்கு எக்ளின்டன் இலகு ரயில் நகரத்தின் திட்டமாக ஏட்டில் இருக்கிறது. பணம் யார் தருவது என்று கேட்டால் ஒவ்வோர் அரசும் அடுத்ததைக் கைகாட்டும். அப்படிப்பட்ட விஷயத்தில் மூன்று உறுப்பினர்களுக்கும் ஒரே கடிதத்தை, மூவருக்கும் பிரதி போகிறது என்று தெரியும்படி அனுப்புவதே சரி.

வாடகை பற்றித் தனியாகச் சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்று மாகாணம் ஓர் உச்சவரம்பு அறிவிக்கிறது. 2025க்கு அது 2.5 வீதமாக இருந்தது. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு இந்த வரம்பு கிடையாது. புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்கும், அந்தத் தேதிக்குப் பின் புதிதாகப் பிரித்துக் கட்டிய பல நிலக்கீழ்த் தளங்களுக்கும் இதுதான் நிலை. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான வழக்கைக் கேட்கும் தீர்ப்பாயமும் மாகாணத்துடையது. நம் சமூகத்தில் வாடகைக்கு விடுபவரும் இருக்கிறார்கள், வாடகைக்கு இருப்பவரும் இருக்கிறார்கள். அதனாலேயே விழா மேடைகளில் இதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

சட்டமன்றத்தில் இந்தத் தொகுதியின் உறுப்பினர் யார்?

விஜய் தணிகாசலம். முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்தவர். 2018, 2022, 2025 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றிருக்கிறார். 2024இல் வீட்டுவசதித் துறையின் இணை அமைச்சரானார். 2025 தேர்தலுக்குப் பின் மனநலம் மற்றும் அடிமைப்பழக்க மீட்புத் துறைக்கு இணை அமைச்சராக நியமிக்கப்பட்டார். 2018இல் இவரோடு மார்க்கம்–தோர்ன்ஹில் தொகுதியில் லோகன் கணபதியும் அதே கட்சியில் வென்றார். இந்த இருவருமே ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குள் உறுப்பினர்களாக நுழைந்த முதல் தமிழர்கள்.

2018 வெற்றியைத் தமிழ் வாக்குதான் தந்ததா?

தமிழ் வாக்கு இல்லாமல் வந்திருக்காது. தமிழ் வாக்கால் மட்டும் வந்ததும் இல்லை. அந்தத் தேர்தலில் இரண்டாவதாக வந்தவர் புதிய ஜனநாயகக் கட்சியின் ஃபெலிசியா சாமுவேல். வித்தியாசம் ஆயிரம் வாக்குகளுக்கும் குறைவு. மூன்றாவதாக வந்த லிபரல் வேட்பாளர் சுமி சண் ஒரு தமிழ்ப் பெண். ஆகவே தமிழ் வாக்குகள் ஒரே பெட்டிக்குள் விழவில்லை. அந்த ஆண்டு மாகாணம் முழுவதும் பதினைந்து ஆண்டு லிபரல் ஆட்சி மீது சலிப்பு. டக் ஃபோர்டின் தலைமையில் முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி 76 ஆசனங்களைப் பிடித்தது. லிபரல் கட்சி ஏழுக்கு விழுந்தது. அந்த அலைக்கு ஒரு பங்கும், வீடு வீடாக நடந்த தமிழ் இளையவர்களின் உழைப்புக்கு ஒரு பங்கும் கொடுப்பதே நியாயம்.

அதற்கு முன் ஏன் ஒரு தமிழரும் வரவில்லை?

முயற்சி இல்லாமல் இல்லை. பழைய ஸ்காபறோ–றூஜ் ரிவர் தொகுதியில் நீதன் சண் புதிய ஜனநாயகக் கட்சிக்காக 2011இலும் 2014இலும் நின்றார். 2016 செப்டம்பர் இடைத்தேர்தலில் அவரும், லிபரல் கட்சிக்காகப் பிரகல் திருவும் எதிரெதிரே நின்றார்கள். வென்றவர் நீண்டகால நகரசபை உறுப்பினரான கொரியக் கனடியர் ரேமண்ட் சோ. தமிழர் இருவர் இரண்டாம், மூன்றாம் இடங்களில். அன்றிரவு கேட்ட புலம்பல் எல்லாம் "நாங்கள் பிரிந்துவிட்டோம்" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சமூகத்தின் ஆட்கள் வெவ்வேறு கட்சிகளில் வேட்பாளராகும் அளவுக்கு வளர்ந்திருப்பதில் ஒப்பாரி வைக்க என்ன இருக்கிறது? தோல்விக்குக் காரணம் வேறு: ரேமண்ட் சோவை அந்தத் தொகுதியில் எல்லாச் சமூகத்தவருக்கும் கால் நூற்றாண்டாகத் தெரியும்.

மத்தியில் கதை சற்று முன்பே தொடங்கியது. 2009இல் வன்னியில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நாட்களில் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான தமிழர் இறங்கி மறித்தார்கள். வீதியில் கத்தினாலும் மன்றத்தில் ஆள் இல்லை என்ற உணர்வு அப்போது ஆழமாகப் பதிந்தது. 2011இல் ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். 2015 முதல் கரி ஆனந்தசங்கரி லிபரல் கட்சியில் தொடர்ந்து வென்று வருகிறார். 2023இல் அமைச்சரும் ஆனார். கவனியுங்கள்: 2018இலிருந்து ஒரே மண்ணுக்கு ஒட்டாவாவில் ஒரு லிபரல் தமிழர், குயின்ஸ் பார்க்கில் ஒரு கன்சர்வேடிவ் தமிழர். இருவருக்கும் வாக்களித்த வீடுகளும் நிறைய உண்டு.

தமிழ் உறுப்பினர் தமிழருக்காகத் தானே பேச வேண்டும்?

அவர் தொகுதிக்குப் பிரதிநிதி. மால்வேர்னில் இருக்கும் ஜமேக்கப் பாட்டிக்கும் போர்ட் யூனியனில் இருக்கும் ஐரிஷ்காரருக்கும் அவரே உறுப்பினர். அதற்கு மேல் அவர் ஒரு கட்சியின் ஆள். கனடாவில் கட்சிக் கட்டுப்பாடு இறுக்கமானது. அரசு கொண்டுவரும் வரவுசெலவுத் திட்டத்துக்கு எதிராக ஆளுங்கட்சி உறுப்பினர் வாக்களித்தால் மறுநாள் அவர் கட்சியில் இருக்கமாட்டார். அமைச்சரவையில் இருப்பவருக்கு இன்னும் இறுக்கம்: உள்ளே என்ன வாதாடினாலும் வெளியே ஒரே குரல்தான்.

ஆகவே "மன்றத்தில் எழுந்து அரசைக் கண்டியுங்கள்" என்று ஓர் இணை அமைச்சரிடம் கேட்பது வீண். "உங்கள் கட்சிக் கூட்டத்தில் இதை எழுப்பினீர்களா, என்ன பதில் வந்தது?" என்று கேட்கலாம். அதற்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

தமிழின அழிப்புக் கல்வி வாரச் சட்டம் வந்ததே, அது எப்படி?

அது தனிநபர் மசோதா. அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் இப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவரலாம்; புதிய வரியையோ அரசுச் செலவையோ மட்டும் அதில் சேர்க்க முடியாது. பெரும்பாலான தனிநபர் மசோதாக்கள் பாதி வழியிலேயே செத்துப்போகும். இந்த 104ஆம் மசோதாவை விஜய் தணிகாசலம் 2019இல் கொண்டுவந்தார். 2021 மே மாதம் சட்டமானது. ஒவ்வோர் ஆண்டும் மே 18 அன்று முடியும் ஏழு நாட்களை அது கல்வி வாரமாக அறிவிக்கிறது.

விஷயம் அதோடு முடியவில்லை. இனப்படுகொலை என்று தீர்மானிப்பது வெளிநாட்டு விவகாரம், அது மத்திய அரசின் அதிகாரம், மாகாணம் தலையிட முடியாது என்று சில இலங்கைக் கனடிய அமைப்புகள் வழக்குப் போட்டன. 2022இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் மாகாண அதிகாரத்துக்குள் வருவதே என்றது. 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. எந்த அரசுக்கு என்ன அதிகாரம் என்று மேலே சலிப்பூட்டும் அளவுக்கு எழுதியிருக்கிறேன் அல்லவா, அதே கேள்விதான் மூன்று நீதிமன்றப் படிகளிலும் நின்றது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சட்டம் வாரத்தை அறிவிக்கிறது. பாடசாலையில் பாடம் நடத்து என்று ஆசிரியரைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பில் அந்த வாரம் ஏதாவது நடந்ததா என்று விசாரித்துப் பார்த்தால் தெரியும். பாடத்திட்டத்தை மாற்றுவது கல்வி அமைச்சின் வேலை. அது அடுத்த படி.

தமிழ் மரபுத் திங்கள் சட்டமும் இவர் கொண்டுவந்ததா?

இல்லை. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ அறிவித்தது 2014இல். மசோதாவைக் கொண்டுவந்தவர் டாட் ஸ்மித். அவருடைய தொகுதி பிரின்ஸ் எட்வர்ட்–ஹேஸ்டிங்ஸ். பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களுமான நாட்டுப்புறம், தமிழரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்போது சட்டமன்றத்தில் தமிழர் ஒருவரும் இல்லை. கட்சிக் கணக்கு அதில் இருந்திருக்கலாம், இருக்கட்டுமே. நம் ஆள் உள்ளே இருந்தால்தான் நம் காரியம் நடக்கும் என்று பேசுபவர்களிடம் நான் இந்தச் சட்டத்தைத்தான் நினைவூட்டுவேன்.

உறுப்பினர் சட்டமன்றத்தில் தமிழில் உரையாற்றலாமா?

"வணக்கம்" சொல்லலாம், அவ்வளவே. மன்றத்தின் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். இவற்றுக்கு வெளியே கதவு திறந்தது 2024 மே 28 அன்று. கிவேடினூங் தொகுதியின் உறுப்பினர் சோல் மமாக்வா தன் தாய்மொழியான அனிஷினினீமோவினில் பேசினார். விதி திருத்தப்பட்டு, மொழிபெயர்ப்பாளர்கள் அமர்த்தப்பட்டு, பார்வையாளர் மாடத்தில் அவருடைய தாயார் அமர்ந்திருக்க, அந்த மண்டபத்தில் முதல்முறையாக ஒரு பூர்வகுடி மொழி முறைப்படி ஒலித்தது. அந்தத் திருத்தம் கனடாவின் பூர்வகுடி மொழிகளுக்கு மட்டுமானது. அது சரியும்கூட: அந்த மொழிகளை இதே அரசுகள்தான் விடுதிப் பாடசாலைகளில் அடித்து அடக்கின. நமக்கு அந்தக் கணக்கு இங்கே இல்லை.

கிவேடினூங் என்றால் வடக்கு. அங்கே மக்கள் மிகக் குறைவாமே?

ஆம், சுமார் 33,000 பேர். நம் தொகுதியில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் நிலம் ஏறக்குறைய மூன்று லட்சம் சதுர கிலோமீட்டர். பல ஊர்களுக்கு வீதியே இல்லை. விமானத்தில்தான் போக வேண்டும். 2017இல் வடக்குக்கென்று இரண்டு தொகுதிகளைக் கூடுதலாக அமைத்தபோது, தலைக்கணக்கைவிடத் தூரத்துக்கும் பூர்வகுடி மக்களுக்கும் இடம் தரப்பட்டது. ஒரு ஸ்காபறோ வாக்கின் எடை குறைகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணிக்கைப்படி குறைகிறதுதான். 124 ஆசனங்களில் ஒன்றிரண்டுக்காக நான் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளவில்லை.

2025இல் இரண்டு முறை வாக்களித்தேன். தொகுதியின் பெயர் இரண்டு விதமாக இருந்ததே?

குழம்பியது நீங்கள் மட்டும் இல்லை. பிப்ரவரி 27 அன்று நடந்தது மாகாணத் தேர்தல். அதில் பழைய வரைபடம், பழைய பெயர்: ஸ்காபறோ–றூஜ் பார்க். ஏப்ரல் 28 அன்று நடந்தது மத்தியத் தேர்தல். அதற்குள் மத்திய அரசின் புதிய வரைபடம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடாளுமன்ற ஆசனங்கள் 338இலிருந்து 343 ஆகின. ஸ்காபறோவின் எல்லைகள் வெட்டி ஒட்டப்பட்டன. ஸ்காபறோ–கில்ட்வுட்–றூஜ் பார்க் என்றொரு தொகுதியும், ஸ்காபறோ–வோபர்ன் என்றொரு தொகுதியும் உருவாயின.

மத்திய வரைபடம் மாறினால் மாகாண வரைபடம் தானாக மாறாது. சட்டமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். 2025 மாகாணத் தேர்தல் அப்படி ஒரு சட்டம் இல்லாமலே நடந்தது. ஆக, இரண்டே மாத இடைவெளியில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு வெவ்வேறு தொகுதிகளுக்கு மக்கள் வாக்களித்தார்கள். பக்கத்து வீதிக்காரரும் நீங்களும் மாகாணத்தில் ஒரே தொகுதி, மத்தியில் வேறு வேறு தொகுதி என்பது இப்போது சாதாரணம்.

நகரசபை வட்டாரத்துக்கும் அதே பெயர்தானே?

ஆம், 25ஆம் வட்டாரம், ஸ்காபறோ–றூஜ் பார்க். அதன் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. 2018 அக்டோபர் நகரசபைத் தேர்தலுக்கு வேட்பாளர்கள் பிரசாரத்தைத் தொடங்கிவிட்ட பிறகு, மாகாண அரசு ஒரு சட்டத்தால் ரொறன்ரோ நகரசபையை 47 வட்டாரங்களிலிருந்து 25 ஆக வெட்டியது. 25 மாகாணத் தொகுதிகளின் எல்லைகளே வட்டார எல்லைகள் ஆயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணம் வென்றது. கனடிய அரசமைப்பில் நகரங்கள் மாகாணத்தின் பிள்ளைகள். பெற்றவர் நினைத்தால் நடு இரவிலும் எழுப்பி வேறு அறைக்கு மாற்றலாம்.

அந்தக் குழப்பத்தில் நீதன் சண் மிகச் சொற்ப வாக்குகளில் ஜெனிஃபர் மெக்கெல்வியிடம் தோற்றார். 2025இல் மெக்கெல்வி நாடாளுமன்றத்துக்குப் போய்விட, செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் நீதன் சண் அதே வட்டாரத்தை வென்றார்.

பாடசாலைச் சபைகளிலும் இதே கதை. 2025 ஜூனில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையை மாகாண அரசு தன் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தது. நாம் தேர்ந்தெடுத்த பாடசாலைச் சபை உறுப்பினர்களின் முடிவெடுக்கும் அதிகாரம் அன்றோடு போயிற்று. மாகாணத் தேர்தலை இரண்டாம்தரமாக நினைப்பவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் யோசித்துப் பார்க்கலாம்.

யார் வாக்களிக்கலாம்? நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்?

ஒன்ராறியோவில் வசிக்கும், 18 வயது நிரம்பிய கனடியக் குடிமக்கள் மட்டும். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்கள் வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், வாக்கு மட்டும் இல்லை. ஆனால் அவர்களுக்கும் இதே உறுப்பினர்தான் பிரதிநிதி. அலுவலகத்தில் குடியுரிமை அட்டையைக் காட்டத் தேவையில்லை. தொகுதியில் வசித்தால் போதும்.

வேலை நேரத்தில் எப்படி வாக்களிப்பது?

ரொறன்ரோவில் வாக்குச்சாவடி காலை 9 முதல் இரவு 9 வரை. அந்த நேரத்துக்குள் தொடர்ச்சியாக மூன்று மணிநேரம் உங்களுக்கு ஓய்வாக இல்லையென்றால், அதை முதலாளி தந்தாக வேண்டும், சம்பளத்தை வெட்டக்கூடாது. தொழிற்சாலைகளில் இரண்டு ஷிப்ட் பார்க்கும் நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. முன்கூட்டிய வாக்குப்பதிவும் பல நாட்கள் நடக்கும். பெயரும் முகவரியும் தெரியும் ஓர் ஆவணம் கையில் இருக்கட்டும்.

எவரையும் பிடிக்கவில்லை என்றால்?

ஒன்ராறியோவில் வாக்குச்சீட்டை மறுக்கலாம். சாவடிக்குப் போய், பெயரைச் சரிபார்த்து, சீட்டைக் கையில் வாங்கி, "மறுக்கிறேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அலுவலர் அதை அப்படியே குறித்துக்கொள்வார். கணக்கில் தனியாக வரும். செல்லாத வாக்கோடு கலக்காது. 2014 தேர்தலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாகாணம் முழுவதும் இப்படிச் செய்தார்கள். சுற்றிலும் ஆட்கள் பார்க்கச் சீட்டைத் திருப்பி நீட்டுவதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும், ரகசியம் என்று அதில் எதுவும் இல்லை.

பாதிப் பேர் வாக்களிக்கவே இல்லையாமே?

பாதிக்கும் மேல். 2022இல் வாக்களித்தவர்கள் சுமார் 44 வீதம், மாகாண வரலாற்றிலேயே மிகக் குறைவு. 2025இல் 45 வீதத்தைச் சற்றே தாண்டியது. உறைபனியில் நடந்த அந்தத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சிக்கு 43 வீத வாக்கு, 80 ஆசனம். அதிக வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையில் இப்படித்தான் வரும். தேர்தலுக்குச் சற்று முன் மாகாண அரசிடமிருந்து ஆளுக்கு 200 டாலர் காசோலை வந்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். காசோலையை வங்கியில் போட்டவர்கள் எல்லாம் சாவடிக்குப் போயிருந்தால் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பெரும்பாலும் கட்சியின் தொகுதிக் கிளை உறுப்பினர்கள். சில வேளைகளில் தலைமை நேரடியாக நியமித்துவிடும். தொகுதியில் நடக்கும் உட்கட்சித் தேர்வில் சில நூறு பேர் வந்தாலே முடிவு மாறிவிடும். வாக்களிக்கும் வயதை எட்டாத இளையவர்களும் கட்சி உறுப்பினராகலாம். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஆள் திரட்டப் பழகிய சமூகத்துக்கு இது கைவந்த கலை. தமிழ் வேட்பாளர்கள் மூன்று கட்சிகளிலும் வரக் காரணமே இதுதான். அதன் குறையும் அங்கேயே இருக்கிறது: உறுப்பினர் அட்டையை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கட்சியின் கொள்கை என்ன என்று எவரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

உறுப்பினருக்குக் கடிதம் எழுதினால் யாராவது படிப்பார்களா?

படிப்பார்கள், அநேகமாக அவருடைய உதவியாளர். மேலே தொகுதிக்குள் இருக்கும் உங்கள் முகவரியை எழுதுங்கள்; அது இல்லாவிட்டால் கடிதம் அடியில் போய்விடும். ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம். தனிப்பட்ட சிக்கல் என்றால் கோப்பு இலக்கம், கடைசியாக எந்த அலுவலகத்தோடு எப்போது பேசினீர்கள் என்ற விவரம் வேண்டும். கொள்கை பற்றியது என்றால் மசோதாவின் எண்ணைப் போடுங்கள். அவர் மன்றத்தில் பேசியது ஒவ்வொரு சொல்லாக அச்சில் ஏறுகிறது, வாக்களித்த விதமும் பதிவாகிறது. இரண்டையும் சட்டமன்ற இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பார்த்துவிட்டு எழுதுகிற கடிதத்துக்கும் பார்க்காமல் எழுதுகிற கடிதத்துக்கும் வரும் பதில் வேறு. மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.